எஸ்.ஓ.ஏ.: பொட்டி தட்டுபவர்களுக்கு மட்டுமா?

இன்றைக்கு எல்லோரும் மைக்ரோசர்வீஸ் என்கிறார்கள். அதற்குத் தாத்தா முறை ஆகிற பெயர் எஸ்.ஓ.ஏ., அதாவது சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர். தமிழில் சேவை சார்ந்த கட்டமைப்பு எனலாம். 1996-ல் கார்ட்னர் நிறுவன ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கையில் வந்த பெயர். பொட்டி தட்டுகிற நண்பர்களிடம் விளக்கம் கேட்டால் எக்ஸ்.எம்.எல்., சோப், டபிள்யூ.எஸ்.டி.எல். என்று ஜல்லியடிப்பார்கள். பி.காம். மாணவனான எனக்கு அதில் பாதி தலைக்கு மேலே போய்விடும். ஆனாலும் துணிந்து ஒன்று சொல்கிறேன்: இதில் கஷ்டமான பாதி நம்மைப் போன்ற கணக்குப்பிள்ளைகளுடையது.

ஒரு சின்ன சம்பவம். விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்கு வந்தது. பில் போட ஒரு மென்பொருள், சரக்கு இருப்புக்கு இன்னொன்று, பேரேட்டுக்கு மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. சாயங்காலமானால் ஒரு பையன் உட்கார்ந்து, அன்றைய பில்களை மற்ற இரண்டிலும் மறுபடி அடிக்க வேண்டும். ஒருநாள் 5,400 ரூபாயை 4,500 என்று அடித்துவிட்டான். வித்தியாசம் 900. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்கிற பழைய சூத்திரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அரை நாள் போயிற்று. திட்டு வாங்கியது அந்தப் பையன். என்னைக் கேட்டால் தப்பு அவனுடையது இல்லை. மூன்று மென்பொருளுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இல்லாததுதான் தப்பு.

அந்த ஒப்பந்தம்தான் எஸ்.ஓ.ஏ.வின் உயிர். காசோலையை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி, பெறுபவர் பெயர், தொகை, கையெழுத்து. இவை சரியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்தால் வங்கி பணம் தரும். வங்கி தன் பேரேட்டை எப்படி எழுதுகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வங்கி நாளைக்கே கம்ப்யூட்டரை மாற்றினாலும் உங்கள் காசோலை செல்லும். மென்பொருளிலும் அப்படியே. ஒவ்வொரு வேலையும் ஒரு சேவை. என்ன கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் வெளியே சொல்லும். உள்ளே நடப்பது அதன் சொந்த விஷயம்.

நம் துறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. மின்விலைப்பட்டியல். 2020 அக்டோபர் 1 முதல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் என்று ஆனது. நீங்கள் எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் பில் போடலாம். ஆனால் குறிப்பிட்ட வடிவத்தில் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது சரிபார்த்து 64 எழுத்து கொண்ட ஒரு பதிவு எண்ணும், டிஜிட்டல் கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியீடும் திருப்பித் தரும். ஒரே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால் ஏற்காது. ரத்து செய்ய 24 மணி நேரம்தான். பதிவான விவரம் தானாகவே ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்குப் போய்விடும், யாரும் மறுபடி அடிக்க வேண்டாம். முதலில் அரசின் என்.ஐ.சி. மட்டும் இந்தத் தளத்தை நடத்தியது. பிறகு தனியாரும் வந்தார்கள். நடத்துபவர் கூடினார், ஒப்பந்தம் மாறவில்லை.

அமேசான் கதையும் இதேதான். 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ் ஓர் உத்தரவு போட்டதாக, அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெக்கி 2011-ல் எழுதினார். எந்தக் குழுவும் இன்னொரு குழுவின் தகவல் கிடங்கில் நேராகக் கை வைக்கக் கூடாது. எல்லாம் சேவை வழியாகத்தான். அதுவும் வெளியாருக்கும் திறந்துவிடக்கூடிய மாதிரி கட்ட வேண்டும். 2006-ல் எஸ்3, ஈசி2 என்று வெளியாருக்கே சேவை விற்கத் தொடங்கியது அமேசான். அந்த உத்தரவில் இன்ன தொழில்நுட்பம் என்று கட்டாயம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பல நிறுவனங்கள் தலைகீழாகச் செய்தன. எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் என்று பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். பஸ் வந்தது, எந்த ஊருக்குப் போவது என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை! 2009 ஜனவரியில் பர்ட்டன் குரூப் ஆய்வாளர் ஆன் தாமஸ் மேன்ஸ், எஸ்.ஓ.ஏ. செத்துப்போனது என்று இரங்கல் குறிப்பே எழுதிவிட்டார். செத்தது பெயர்தான், சேவைகள் இருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். 2014-ல் மார்ட்டின் ஃபௌலரும் ஜேம்ஸ் லூயிஸும் மைக்ரோசர்வீஸ் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கும் பரவியது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பத்து சேவைகள் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது எது சொதப்பியது என்று கண்டுபிடிப்பது தலைவலி. ஒன்று படுத்தால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் தள்ளாடும். நாலு பேர் வேலை செய்கிற கடைக்கு மூன்றையும் ஒன்றாகச் செய்கிற ஒரே மென்பொருள் போதும். இதை மறைத்து விற்பவர்களை நம்பாதீர்கள்.

கடைசியாக, இதில் நமக்கென்ன வேலை? அந்த ஹார்டுவேர் கடைக்கே திரும்பிப் போவோம். மூன்று மென்பொருளையும் பேச வைக்க ஒரு புரோகிராமர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி: விற்பனை என்பது எப்போது? பில் போட்டபோதா, சரக்கு லாரியில் ஏறியபோதா? பாதி சரக்கு திரும்பி வந்தால் எந்த மென்பொருள் சொல்வது சரி? இதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்காது. நம்மிடம்தான் இருக்கிறது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோமே, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். யார் என்ன தருவார், பதிலுக்கு என்ன, தவறினால் யார் பொறுப்பு?

அது கம்ப்யூட்டர்காரர் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொண்டால், தெரியாத ஒருவர் ஊகித்து எழுதிவிட்டுப் போவார். அப்புறம் ஆயுள் முழுக்க 900 ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.