நால்வர் எங்கே?

கருவடிக்குப்பம் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குப் பாரதியின் குயில் தோப்பு நினைவுக்கு வரும். பக்தர்களுக்குச் சித்தானந்த சுவாமிகள் கோயில் தோன்றும். புதுவையின் ஏனைய மக்களுக்கோ சுடுகாடு. நகரின் பல திசைகளிலிருந்தும் இறுதி ஊர்வலங்கள் இவ்வூரை நோக்கி வருகின்றன. அவற்றில் ஒருபோதும் ஆள் குறைவதில்லை. பாடை தூக்க நால்வர் போதும் என்றால் நாற்பது பேர் தோள் கொடுக்க நிற்பர். அதே ஊரின் தெருக்களில், பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் வீழ்ந்து, பேச்சிழந்து கிடப்பவரைத் தூக்கி உட்கார வைக்க எத்தனை பேர் வருகிறார்கள்? இறந்தவருக்கு நாற்பது தோள்கள்; உயிரோடிருப்பவருக்கு ஒரு பெண்ணின் முதுகெலும்பு. இது முறையா என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

மருத்துவமனைக்குள் நடக்கும் பணியைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூளையின் குருதிக்குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதை இன்று சாதாரண மக்களும் அறியத் தொடங்கியுள்ளனர். இவையெல்லாம் நன்றிக்குரியவை. ஆனால் உயிர் பிழைத்த சில நாள்களில் எந்த மருத்துவமனையிலும் ஒரு சீட்டு கையில் தரப்படுகிறது. மாத்திரைகளின் பெயர்கள், மறுபடி வரவேண்டிய தேதி, கூடவே வாய்மொழியாக ஒரு வாக்கியம்: "இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்த வாக்கியத்தின் எழுவாய் யார்? இலக்கணம் "நீங்கள்" என்று சொல்லும். நடைமுறையோ மனைவி, மருமகள், அல்லது வேலையை விட்டுவிட்ட மகள் என்று சொல்கிறது. அவள் எதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும்? விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்குக் கஞ்சியைப் படுக்கவைத்து ஊட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிரையே வாங்கக்கூடும். தாமாகப் புரளமுடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் மறுமுறை தாக்கும். அவர் காரணமின்றி அழுவது பிடிவாதமன்று. அதுவும் நோயின் பகுதியே. இத்தனையையும் ஒரு சீட்டு கற்றுத் தருமா?

கற்றுத்தர வேண்டியவர் வராத வீட்டுக்குள் மற்றவரெல்லாம் வருகிறார்கள். ஒருவர் புறா இரத்தம் தடவச் சொல்கிறார். மற்றொருவர் ஏதோவோர் எண்ணெயைப் பரிந்துரைக்கிறார். விழுங்கமுடியாதவரின் தலைமாட்டில் ஆர்லிக்ஸ் புட்டிகளும் ஆரஞ்சுப் பழங்களும் வரிசையாக நிற்கின்றன. நலம் விசாரித்தல் நல்ல பண்புதான். ஆனால் அது பராமரிப்பு ஆகாது.

"நம் நாட்டில் குடும்பப் பாசம் உண்டு, மேல்நாட்டாரைப்போல் நமக்கு ஆள் வேண்டியதில்லை" என்று பெருமை பேசுவோர்க்கு ஒன்றைச் சொல்வோம். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளரைக்கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குடும்பத்தாருக்கே பயிற்சியளித்து, அவர்களே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சிகளைச் செய்விக்கும்படி செய்தால் பலனுண்டா என்பதே கேள்வி. 2017-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த விடை கசப்பானது. ஆறு மாத முடிவில், பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் நோயாளருள்ளும் வழக்கமான கவனிப்பைப் பெற்றோருள்ளும், நூற்றுக்கு 47 பேர் இறந்திருந்தனர் அல்லது பிறரைச் சார்ந்தே வாழ்ந்தனர். வேறுபாடே இல்லை. வல்லுநரின் பணியைக் குடும்பத்தின் தலையில் மாற்றிவைக்கும் திட்டங்களில் முதலிட இம்முடிவு இடந்தரவில்லை என்று ஆய்வாளரே எழுதினர். பாசம் குறைந்ததால் அன்று. பாசம் ஒரு தொழிற்பயிற்சி அன்று என்பதால்.

ஸ்வீடன், நார்வே, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1990-களிலிருந்தே வேறொரு வழியைச் சோதித்தனர். செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பழக்குபவர், மருத்துவர் ஆகியோர் ஒரே குழுவாக நோயாளரைப் பின்தொடர்ந்து அவர் வீட்டுக்கே சென்றனர். நோயின் கடுமை மிதமாயிருந்தோரிடையே, நூற்றுக்கு ஐவர் கூடுதலாகச் சாவுக்கும் சார்பு வாழ்வுக்கும் தப்பினர் என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைந்தன.

அவை செல்வ நாடுகள் என்பீர்கள். கேரளம் செல்வ நாடா? 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரைப் பயிற்றுவித்துப் படுக்கையாளரின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008-இல் அரசே அதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழகம். எல்லைக்கோட்டுக்கு அப்பால் இயல்வது இப்பால் மட்டும் இயலாதோ?

நாம் கேட்பது மிகையன்று. நோயாளர் மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் அவருக்குப் பொறுப்பான குழுவின் பெயர்கள் சீட்டில் எழுதப்படட்டும். முதல் வாரத்திலேயே ஒருவர் வீட்டுக்கு வரட்டும். உடல் பெரிதும் மீளக்கூடிய முதல் மூன்று மாதங்கள் அக்குழு விலகாதிருக்கட்டும். குறைபாடு நிலைத்துவிட்டால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்று பெறவும் அதுவே வழிகாட்டட்டும். மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தோரும் அச்சட்டத்தில் அடங்குவர் என்பதைப் பலர் அறியார்.

அரசை மட்டும் சாடிவிட்டுக் கைகழுவ நமக்கு உரிமையில்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்தவர் நால்வர் என்கிறார் மாற்கு. கூரையைப் பிரித்த அவர்களின் துணிவை மறையுரைகளில் வியக்கிறோம். குணமானவரை ஆண்டவர் எங்கே அனுப்பினார் என்பதைக் கவனிக்கத் தவறுகிறோம். கோவிலுக்கு அன்று, அவருடைய வீட்டுக்கு. வீடு சேர்வதே அக்குணத்தின் நிறைவு.

அந்த நால்வரில் செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகிய மூவரை அரசு தரட்டும். நான்காமவரை நம் அன்பியங்கள் தரட்டும். அவர் பழம் கொண்டுவர வேண்டாம். அறிவுரை கூற வேண்டாம். தாமே சிகிச்சை செய்யவும் வேண்டாம். அந்தப் பெண் உறங்கியெழ, வாரத்தில் மூன்று பிற்பகல்கள் நோயாளரின் அருகே அமர்ந்திருந்தால் போதும்.