வரைந்தால் மட்டும் போதுமா?

"முதன்மைப் பாடத்துக்கே நேரம் போதவில்லை, பொருள் வடிவமைப்பும் உற்பத்தியும் என்றொரு துணைப்பாடம் உமக்கு எதற்கு?" என்று நம் சங்க நண்பர்கள் பலர் என்னைக் கேட்கின்றனர். சான்றிதழில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டுமே ஆயின், அதைப் படிக்கவே வேண்டாம் என்பேன். நான் அதில் சேர்ந்ததற்குக் காரணம் வேறு.

கணக்குக்கு விடை கண்டால் வேலை முடிந்தது. பொருளோ அப்படியன்று. அதைச் செய்பவர், விற்பவர், புழங்குபவர், பழுது பார்ப்பவர் ஆகிய நால்வருக்கும் அது ஏற்றதாக இருக்க வேண்டும். 1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், நாம் நாளும் புழங்கும் சொம்பையே சிறந்த வடிவமைப்புக்குச் சான்றாகக் காட்டினர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

1968-இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய செயற்கைக்கால் இன்னும் தெளிவான சான்று. மேனாட்டுச் செயற்கைக்கால் காலணிக்குள் அடங்குவது. நம்மவரோ வெறுங்காலுடன் வயலில் நடப்பர், தரையில் சம்மணமிடுவர், குந்தி அமர்வர். இக்குறையைத் தீர்க்க மருத்துவ அறிவு மட்டும் போதவில்லை. கைத்திறனும் உடன்சேர வேண்டியிருந்தது.

வடிவமைப்பையும் உற்பத்தியையும் ஒரே பாடமாக வைத்ததன் பொருள் இதுவே. ஆனால் நம் வளாகத்திலோ பட்டறை நேரம் குறைகிறது. கணினித் திரைமுன் அமரும் நேரம் பெருகுகிறது. செங்குத்தான சுவருடைய பிளாஸ்டிக் பெட்டி திரையில் அழகாகவே தோன்றும். சுவருக்குச் சற்றே சரிவு இல்லையேல், வார்த்த பின் அச்சிலிருந்து எளிதில் கழன்று வராது. "மென்பொருளே எச்சரிக்குமே!" என்பர் சிலர். எச்சரிக்கும், மெய்தான். ஆயினும், அச்சில் சிக்கிய பெட்டியை ஒருமுறை நெம்பி எடுத்தவன் அதை மறக்கவே மாட்டான்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று: பட்டறை மாலையிலும் திறந்திருக்க வேண்டும்; மதிப்பெண்ணில் பாதியாவது மாணவர் செய்த பொருளுக்கு அளிக்கப்பட வேண்டும்; மதிப்பிடுவோரில் பட்டறைத் தொழிலாளர் ஒருவரும் இடம்பெற வேண்டும். துறைத்தலைவரிடம் இவற்றை ஒன்றுகூடிக் கேட்போம். அதுவரை, இத்துணைப்பாடத்தில் சேர விரும்பும் இளைய நண்பர்கள் பட்டறைக்கு வாரம் எத்தனை மணி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டறிந்த பின்னரே விண்ணப்பத்தில் கையெழுத்திடுவார்களாக!