காலண்டரில் அச்சிட ஒரு தேதி

சிவகாசி,
டிசம்பர் 2025

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர், பெருமதிப்பிற்குரிய கல்யாண் சௌபே அவர்களுக்கு,

தங்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவனின் மடல் இது. சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. நாளும் கிழமையும் நல்ல நேரமும் விடுமுறையும் ஓர் எண்கூடப் பிசகாமல் பார்த்துக் கொடுத்தால்தான் அன்றைய சோறு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஊருக்கு வெளியே ஒரு கரிசல் பொட்டலில், முப்பது பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லித் தருகிறேன். அதற்குக் கூலி கிடையாது. நான் கேட்டதும் இல்லை. தேதியின் அருமை தெரிந்தவன், பந்தின் மேல் பிரியம் வைத்தவன் என்ற இரண்டு உரிமைகளோடுதான் தங்கள் முன் வந்து நிற்கிறேன். தங்கள் நேரம் அரியது என்பதை அறிவேன். எங்கள் பொறுமை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தாங்கள் பொறுப்பேற்ற நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்து, அந்த மாதத்துக்குள்ளேயே அதை விலக்கிக்கொண்டது. நாடே தலைகுனிந்து நின்ற அந்த நேரத்தில், செப்டம்பர் 2-ஆம் தேதி, பாய்ச்சுங் பூட்டியாவை 33-க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் வென்று தாங்கள் தலைவரானீர்கள். ஆடுகளத்தில் கால் பதித்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வது அதுவே முதல் முறை. அதிலும் தாங்கள் கோல்கீப்பர். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கம்பங்களின் நடுவே நின்றவர். ஒரு நல்ல முன்கள ஆட்டக்காரன் எப்படிப்பட்டவன் என்பதை, அவன் பந்தோடு பாய்ந்து வரும்போது எதிரே நின்ற கோல்கீப்பரைவிட வேறு யாரால் சொல்ல முடியும்? நம் அணியின் நெடுநாள் நோய் எதுவென்று தங்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்காது என்று மகிழ்ந்தோம். அந்த நம்பிக்கையை நான் இன்னும் விடவில்லை. விட்டவன் மடல் எழுத மாட்டான்.

கடந்த நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றோம். அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்கள் நம்மை வென்றதில்லை. காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் மாதம் அது. இரவு ஷிப்டுக்கு நடுவே எதிர்த்த டீக்கடையில் கூடினோம். "அண்ணாச்சி, ரெண்டு பேர முன்னால நிறுத்தணும். ஒத்த ஆளு எத்தன பேர இழுத்துக்கிட்டு ஓடுவான்?" என்றார் மிஷின் ஓட்டுபவர். "ஆளு இருந்தா நிறுத்த மாட்டாங்களா?" என்றார் கட்டிங் பார்ப்பவர். ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்த ரயன் வில்லியம்ஸுக்கு உரிய அனுமதி நேரத்துக்கு வந்திருந்தால் கதையே வேறு என்றான் இன்னொரு தம்பி. ஓரமாக உட்கார்ந்திருந்த பட்டாசு ஆலை ஃபோர்மேன் கடைசியில் வாயைத் திறந்தார்: "மருந்தெல்லாம் இருக்குப்பா. திரிதான் நமத்துப் போச்சு."

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெடிக்குள் எவ்வளவு மருந்து செலுத்தியிருந்தாலும், நெருப்பை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது திரிதான். அது ஈரம் பட்டிருந்தால் மற்றவர்கள் பட்ட பாடெல்லாம் வீண். பின்களம் தடுத்து, நடுக்களம் கடைந்தெடுத்துத் தரும் பந்தை வலைக்குள் சேர்ப்பவன் இல்லாத அணியும் அப்படியே. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் நாம் போட்ட கோல்கள் 2. அதற்கு முன் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூன்று அணிகளோடு ஆடி ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பினோம். அந்த 2024-ஆம் ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. ஃபிஃபா தரவரிசையில் 2023 ஜூலையில் 99-ஆம் இடத்தில் இருந்த அணி 2025 நவம்பரில் 142-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

டீக்கடையில் சொன்ன ஒவ்வொன்றிலும் நியாயம் இருக்கிறது. இருவரை முன்னால் நிறுத்துவதும், ஆளை இடம் மாற்றிப் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டிவந்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அவரைத் தூக்கி முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம் வென்றோம். அதை இன்றைக்கும் மருந்தாகச் சொல்கிற ரசிகர்கள் உண்டு. ஆனால் ரஹீமுக்குத் தன் ஆட்கள் ஒவ்வொருவரின் காலும் தெரியும். ஆண்டுக்கணக்கில் அவர்களோடு பாடுபட்டவர் அவர். தங்கள் காலத்தில் 2024 ஜூனில் ஒரு பயிற்சியாளர் அனுப்பப்பட்டார். ஜூலையில் மற்றொருவர், அதுவும் ஒரு கிளப் அணியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே, வந்தார். அடுத்த ஜூலையில் அவரும் போனார். ஆகஸ்டில் மூன்றாமவர் வந்தார். ஆட்களின் பெயரைப் படிக்கவே அவகாசம் இல்லாதவரிடம் யாரை எங்கே நிறுத்தலாம் என்று கேட்பது எப்படி?

ஆனால் நோயின் வேர் பயிற்சியாளரிடமும் இல்லை. இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை பதினொரு பருவங்கள் நடந்திருக்கின்றன. பதினொன்றிலும் அதிக கோல் போட்டவர் வெளிநாட்டுக்காரர். எங்கள் சென்னையின் அணிக்கு 2014-இல் எலானோ, 2015-இல் மெண்டோசா, 2019-20-இல் வால்ஸ்கிஸ். அவர்களுக்காகக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிளப்புக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும்போது கோல் போடுகிறவனைத்தான் முதலில் வாங்குவார்கள். அது வியாபார நியாயம். தொடக்கத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்றிருந்தது. ஐந்தாகி, 2021-22-இல் நான்காயிற்று. தாங்கள் வருமுன் நடந்த அந்த மாற்றத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நான்காகக் குறைந்தாலும் அதில் ஒருவர் முன்களத்தின் நடு இடத்தில்தான் நிற்கிறார். அந்த இடத்துக்குரிய இந்தியப் பையன் பக்கவாட்டுக்குத் தள்ளப்படுகிறான், அல்லது பெஞ்சில் உட்காருகிறான். 2024-25 பருவத்தில் அதிக கோல் போட்ட இந்தியர் யார் தெரியுமா? 14 கோல்களோடு சுனில் சேத்ரி. வயது 40. 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றவரை 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்து வந்தோம். அவர் வந்தது அவருடைய பெருந்தன்மை. அவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது நம்முடைய வறுமை.

தாங்கள் 2023 ஜனவரி 7-ஆம் தேதி வெளியிட்ட தொலைநோக்குத் திட்டத்தை நான் என் தொழில் வழக்கப்படி எண் எண்ணாகப் படித்தேன். 2047-இல் ஆசியாவின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக வேண்டும் என்கிறது அது. கிராமப்புற அடித்தளத் திட்டங்கள் வழியே 3.5 கோடிக் குழந்தைகளைச் சென்றடைவோம் என்கிறது. கிராமம் என்ற சொல்லைப் படித்ததும் எங்கள் பொட்டல்தான் என் கண்முன் வந்தது. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் ஒரு காலைத் தூக்கினால் அரைக்கிலோ சேறு கூடவே வரும். பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனாலேயே அங்கே வரும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் முதல் தொடுகையிலேயே பந்தைச் சாகடித்துவிடப் பழகியிருக்கிறான். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பான். பந்து வந்ததும் பாதத்தின் உட்புறத்தால் அமுக்கி, பின்னால் நிற்பவனைத் தோளால் அறிந்து, இடப்பக்கம் சாய்கிற மாதிரி காட்டி வலப்பக்கம் திரும்பி விடுவான். நான் கற்றுத் தந்ததல்ல அது.

அவனுடைய அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். ஒரு ஞாயிறு அவனைக் கூப்பிட வந்தவர், அவன் அப்படித் திரும்பிக் கோல் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை தேய்த்தும் போகாத அலுமினியப் பொடி விரல் மடிப்புகளில் வெள்ளியாகப் படிந்திருந்தது. "அண்ணாச்சி, இத வெளையாண்டா இவன் எங்க போய் நிப்பான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இந்தப் பிள்ளைகளை எங்காவது பதிந்து நாலு ஆட்டம் ஆட வைக்கலாமென்று ஓர் அலுவலகத்தின் படியேறினேன். கிளப் பதிவுச் சான்று, மைதானத்துக்கான பத்திரம், பயிற்சியாளர் உரிமம் மூன்றும் கேட்டார்கள். என்னிடம் இருந்தவை இரண்டு பந்தும் முப்பது பிள்ளைகளும்தான். அந்த அம்மா கேட்ட கேள்வியைத் தங்களிடம் சேர்ப்பதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஊரில் கால் இல்லை என்று மட்டும் தாங்கள் சொல்லிவிடக் கூடாது. பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் காரைக்குடிக்கு அருகே கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன்தான் பெங்களூரு அணிக்காக ஆடி, 2022-23 லீக்கின் வளரும் வீரர் விருதை வென்றார். கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர் வட்டாரத்து மீனவர் வீடுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் பெண் பிள்ளைகள் 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதுரையின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் மகளிர் தேசிய அணி 2025-இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களில் 24 கோல் போட்டு, ஜூலை 5-ஆம் தேதி சியாங் மாயில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று தகுதி பெற்றது. கோல் போடும் கால் இந்தியருக்கு வாய்க்காது என்று பேசியவர்களுக்கு அந்தப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் லீக்கோ, ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி, இந்த மடலை எழுதும் நாள்வரை இப்பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தொடங்கவில்லை. ஆடாத காலில் எப்படிக் கோல் பிறக்கும்?

ஐயா, குறை சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது எங்கள் வழக்கமல்ல. மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். லீக்கில் ஒவ்வோர் அணியும் பருவத்தில் இத்தனை நிமிடங்கள் முன்களத்தின் நடு இடத்தை இந்திய இளைஞருக்குத் தந்தாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து எவனும் ஸ்டிரைக்கர் ஆனதில்லை. தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் ஒருவன் போடப் பழகுகிறான். அடுத்து, விருதுநகர் உட்பட எல்லா மாவட்டங்களிலும் 13, 15 வயதுக்குட்பட்டோருக்கு ஆண்டுதோறும் லீக் நடத்துங்கள். பள்ளிச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் பிள்ளை களத்தில் இறங்கலாம் என்று வையுங்கள். மூன்றாவதாக, அந்த 3.5 கோடியில் எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளை அடைந்தீர்கள் என்று ஆண்டுக்கொரு முறை கணக்கை ஊரறிய வெளியிடுங்கள். கணக்குப் பார்க்காத கடை தேறாது என்பது எங்கள் ஊர்ப் பாலபாடம்.

2047-இல் என் பொட்டலில் ஆடும் அந்தப் பையனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆட்டக்காரனாக அவன் காலம் முடிந்திருக்கும். அவனுக்குத் தேவை அடுத்த ஆண்டு. இருபது ஆண்டுக்கு அப்பால் உள்ள காலண்டரை எங்கள் ஊரில் எவரும் அச்சடிப்பதில்லை. வருகிற ஆண்டுக்குத்தான் அடிப்போம். ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் ஆல்பம் வெளிவரும். 2027-க்கான ஆல்பம் வருகிற ஆடி 18-இல் வரும். அதற்குள் விருதுநகர் மாவட்டச் சிறுவர் லீக்கின் முதல் ஆட்டம் எந்த நாள் என்று ஒரே ஒரு தேதியைத் தந்து உதவுங்கள். முதலாளியிடம் பேசி அந்த நாளுக்குரிய கட்டத்தில் அதை அச்சிட வைப்பது என் பொறுப்பு. மெய்ப்பையும் நானே பார்ப்பேன். பிசகு வராது.

அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டுபோய் அந்த அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும்.

பணிவன்புடன்,
கரிசல் பொட்டலின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியாளன்