நடக்க விடுங்கள், தாளம் தானே வரும்

இசை படிக்கும் பிள்ளைகளை தினமும் கொஞ்ச நேரம் சும்மா நடக்க விட வேண்டும். கையில் செல்போன் இல்லாமல், காதில் பாட்டு இல்லாமல் நடக்க வேண்டும். சாதகத்துக்கு அடுத்தபடியாக அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ராயகிரியில் நையாண்டி மேளச் செட்டில் தவில் வாசிக்கிறேன். கோயில் கொடைகள் ஓய்ந்த மாதங்களில், வெயில் தாழ்ந்ததும் குளத்துக்கரையில் நடப்பேன். மேற்கே மலைத்தொடர், கரைக்குக் கீழே நெல்வயல், தூரத்தில் பம்புசெட் சத்தம். ராத்திரி முழுக்க மேளச் சத்தத்தில் கிடந்த காதுக்கு அது பெரிய ஆறுதல். மனசு அமரட்டும் என்றுதான் போகிறேன். ஆனால், நான் வாசிக்கும் புதிய சொற்கட்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் கரையில்தான் தோன்றின.

அதற்குக் காரணம் உண்டு. அடிக்கு ஓர் எழுத்தாக ‘தகதிமி’ சொல்லி நடந்தால், ஒவ்வொரு சுற்றும் ஒரே காலில் தொடங்கும். ‘தகிட’ சொன்னால் முதல் சுற்று இடது காலில், அடுத்தது வலது காலில். அழுத்தம் கால் மாறி விழுவதால் உடம்பு தானாக அசையத் தொடங்கிவிடும். உட்கார்ந்து விரல்விட்டு எண்ணும்போது வெறும் கணக்காக இருப்பது, நடக்கையில் ஆட்டமாகிவிடுகிறது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், சொல் நிற்கும், அங்கே ஒரு கார்வை விழும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மூச்சே சொல்லிக் கொடுக்கும்.

எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக்கு இது புதிதல்ல. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த மண்ணில் 1865-இல் பிறந்து 1891-இல் மறைந்தவர். அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்து செல்பவர்களுக்காகப் பிறந்தது ரெட்டியாரின் காவடிச் சிந்து. தோளில் பாரம், காலுக்கடியில் கரிசல், முன்னே நீண்ட வழி. அந்த நடையோடு சேர்ந்து போக வேண்டிய பாட்டு அது. அதனால்தான் இன்றைக்கும் காவடிச் சிந்தைக் கேட்டால் சும்மா உட்கார்ந்திருக்க முடிவதில்லை. கச்சேரி மேடைக்கும் பரத மேடைக்கும் போன பிறகும் அந்த அசைவு அதைவிட்டுப் போகவில்லை.

காவடி எடுப்பவர்களுடையது பக்தி நடை, என்னுடையது பொழுதுபோக்கு நடை. இரண்டும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் காலும் மூச்சும் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். வியன்னாவில் பீத்தோவன் குறிப்பேட்டோடு நீண்ட தூரம் நடப்பவர். வயல்வெளியின் உணர்வைச் சொல்லும் அவருடைய ஆறாவது சிம்பொனி 1808-இல் அரங்கேறியது. தேசம் வேறு, சங்கீதம் வேறு. அவரும் நடந்துதான் தேடினார்.

“நடந்தால் வித்தை வந்துவிடுமா? கை பழக வேண்டாமா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சாதகம் இல்லாமல் கை பேசாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழகிய கைக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டுமே! பள்ளிக்கூடம், டியூஷன், பாட்டு வகுப்பு, மிச்ச நேரத்தில் செல்போன் என்று பொழுது முழுவதையும் நிரப்பிவிட்டால், பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சொல் எப்போது தோன்றும்? வாத்தியார் கொடுத்ததைத் திருப்பி வாசிப்பதோடு அது நின்றுவிடும்.

ஆகவே இசை சொல்லிக் கொடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வகுப்பில் ஒரு பகுதியை வெளியே நடத்துங்கள். தாளத்தைச் சொல்லியபடி பிள்ளைகளை நடக்க வையுங்கள்; பிறகு சொல்லாமலும் நடக்க வையுங்கள். ஊர்களில் பொறுப்பில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: குளத்துக்கரைகளில் சீமைக்கருவேலம் மண்டவிடாமல், பிள்ளைகளும் பெண்களும் வயதானவர்களும் பயமின்றி நடக்கும்படி வைத்திருங்கள். காவடிச் சிந்து தந்த வட்டாரம் இது. அடுத்த பாட்டுக்காரன் நடக்க ஒரு கரையாவது இங்கே மிஞ்ச வேண்டும்.