ஒரு கடலையும் பல பெயர்களும்

மாலை வேளையில் வறுத்த கடலையை வாங்கிக் கொறித்து மகிழாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. ஏழையர்க்கும் செல்வர்க்கும் பொதுவான இச்சிற்றுணவுக்கு இடந்தோறும் வெவ்வேறு பெயர் வழங்குகின்றது. சென்னையில் அது வேர்க்கடலை. மதுரைப் பக்கத்தில் நிலக்கடலை. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் மணிலாக்கொட்டை. இப்பெயர் மக்கள் நாவில் மருவி, மல்லாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் ஒலிக்கும். யாழ்ப்பாணத்தார் அதனைக் கச்சான் என்பர். இவற்றுள் எது சரியான பெயர்?

மாணவர்களே! இவ்வினாவுக்கு விடை தெரியும் என்று நான் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. மதுரையை அடுத்த பள்ளியொன்றில் நான் பணியாற்றியபொழுது, திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவன் ஒருவன், தன் வீட்டார் மல்லாட்டை பறித்ததைக் கட்டுரையாக எழுதியிருந்தான். அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, நிலக்கடலை என்று திருத்தியதோடு அமையாமல், வகுப்பிலும் உரக்கப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் நகைத்தனர். அதன்பின் அவன் தன் ஊரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதினானல்லன். பிழை அவனுடையதன்று, என்னுடையதே என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் சென்றன.

இக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியரின் கடல் வாணிகம் பெருகிய பின்னரே அது கீழை நாடுகளில் பரவியது. புதிதாக வந்த பொருளுக்கு மக்கள் தாம் கண்டவாறும் கேட்டவாறும் பெயரிட்டனர். நிலத்தினுள் விளைதலைக் கண்டோர் நிலக்கடலை என்றனர். பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரத்தோடு தொடர்புபடுத்தியோர் மணிலாக்கொட்டை என்றனர். கப்பலில் வந்தமையால் மலையாளத்தார் கப்பலண்டி என்றனர். சிங்களத்தார் இட்ட பெயருக்கு அயல்நாட்டு முந்திரி என்பது பொருள். இங்ஙனம் ஒவ்வொரு பெயரிலும் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. மல்லாட்டை என்னும் சொல்லை அழித்தால், கடல் கடந்து வந்த கதையின் ஒரு பகுதியும் உடன் அழியுமன்றோ?

இன்னொன்றும் நோக்குக. இக்கடலை வேரில் காய்ப்பதன்று. பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து விழுது ஒன்று மண்ணுள் இறங்க, அதன் நுனியே காயாகின்றது. செடிநூல் முறைப்படி பார்த்தால் வேர்க்கடலை என்னும் பெயர் பொருந்தாது. ஆயினும் அதனைப் பிழையென்று எவரும் அடிப்பதில்லை. தலைநகரில் வழங்கும் பெயரை ஏற்றுக்கொண்டு, சிற்றூரில் வழங்கும் பெயரை இகழ்தல் நடுவுநிலையாகுமா?

ஆளுக்கொரு சொல்லை வழங்கினால் ஒருவர் கருத்து மற்றவர்க்கு விளங்குமா என்று சிலர் கேட்கலாம். பொதுச்சொல் வேண்டுவதே. உழவு நூலிலும் சந்தை அறிவிப்பிலும் எல்லார்க்கும் விளங்கும் சொல்லையே எழுதுதல் வேண்டும். அதற்காக வட்டாரச் சொல்லைத் துரத்த வேண்டுவதில்லை. தெருவிற்கு ஓர் ஆடையும் வீட்டிற்கு ஓர் ஆடையும் வைத்திருப்போர், ஒன்றன்பொருட்டு மற்றொன்றைக் கொளுத்துவரோ?

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நால்வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகத் திசைச்சொல்லையும் வைத்தார். நம் காலத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்து மக்களின் சொற்களைத் தொகுத்து, 1982-இல் அகராதியாக வெளியிட்டார். ஒரு வட்டாரத்திற்குச் செய்த அப்பணி, பிற வட்டாரங்களுக்கும் வேண்டுவதாகும்.

ஆதலின், உங்கள் பாட்டியார் சொல்லும் பெயர் பாடநூலில் இல்லையெனில், அதனைப் பிழையென்று தள்ளிவிடாதீர்கள், குறித்து வையுங்கள். வேற்றூர் மாணவன் புதியதொரு சொல்லைச் சொன்னால் நகையாதீர்கள். அதன் பொருளைக் கேளுங்கள். அன்று நான் கேளாமல் விட்டது அதனையே.