இல்லேன்னா இல்லேன்னு சொல்லித் தொலை!

பொட்டி தட்டும் மக்களே, இன்னிக்குக் கும்மி நமக்கு நாமே. மத்தவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம்.

டிக்‌ஷனரிக்குள்ள டிக்‌ஷனரி, அதுக்குள்ள லிஸ்ட், அதுக்குள்ள இன்னொரு டிக்‌ஷனரி. உள்ளே போய் ஒரு மதிப்பைத் தேடணும், மாத்தணும். நம்ம தினசரி ஆணியே இதுதான். இதுல எரரே வராத வழிதான் நல்ல வழின்னு ஒரு கூட்டம் கொண்டாடுது பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது.

தேடும்போது சரி. ரெண்டாவது போன் நம்பர் இல்லையா, காலியா காட்டு, குடி முழுகாது. மாத்தும்போது? லோடாஷோட செட் ஃபங்ஷன், சொன்ன பாதை இல்லேன்னா தானே உண்டாக்கிடும். ஸ்கீமா விதி எதுவும் போட்டு வைக்கலேன்னா மாங்கோடிபியோட டாலர்-செட்டும் அப்படித்தான். வாடிக்கையாளர் வீடு மாறி மயிலாப்பூர் போயிட்டார்னு வைங்க. 'அட்ரஸ்'ல ஒரு 'டி'யை முழுங்கிட்டு பின்கோடை மாத்தினா ஒண்ணுமே ஆகாது. அதான் பிரச்சினை! சத்தமில்லாம புதுசா ஒரு அட்ரஸ் முளைக்கும், 600004 அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். பார்சல் பழைய வீட்டுக்கே போகும். திரையில மட்டும் "வெற்றிகரமாக மாற்றப்பட்டது". யாருக்குய்யா வெற்றி?

பெர்ல் இதுக்கும் மேல. ரெண்டாவது அடுக்குல ஒரு கீ இருக்கான்னு எட்டிப் பார்த்தாலே முதல் அடுக்கைக் கட்டி வச்சுடும். அதுக்கு ஆட்டோவிவிஃபிகேஷன்னு பேர் வேற.

"ஒவ்வொரு தடவையும் யாரு செக் பண்றது?"ன்னு இழுக்காதீங்க. 2013லயே ஆர்எஃப்சி 6902 வந்தாச்சு, ஜேசன் பேட்ச். அதுல 'ஆட்' தனி, 'ரீப்ளேஸ்' தனி. ரீப்ளேஸ் பண்ணச் சொன்ன இடத்துல ஏற்கெனவே எதுவும் இல்லேன்னா எரர்தான். 'டெஸ்ட்'னு இன்னொண்ணும் இருக்கு. பழைய மதிப்பு நீங்க நினைச்சது இல்லேன்னா அதுவும் எரர். இவ்வளவு தெளிவா எழுதி வச்சும் சீந்த ஆளில்லை.

இன்னொரு கோஷ்டிக்குப் பாதையே வேணாமாம். 'ஸ்டேட்டஸ்'னு எங்க இருந்தாலும் ரிகர்சன் போட்டுத் தேடி மாத்திடுவாங்களாம். ஆர்டருக்கும் ஸ்டேட்டஸ் இருக்கு, அதே ஆர்டருக்குள்ள பேமென்ட்டுக்கும் ஸ்டேட்டஸ் இருக்கு. ஆர்டரை கேன்சல் பண்ணப் போய், வந்த பணமும் கேன்சல்னு நிக்கும். "முருகனைக் கூட்டிட்டு வா"ன்னு ஆள் அனுப்பி, ஊர்ல இருக்கற அத்தனை முருகனையும் லாரியில ஏத்தற கதை.

பைத்தான் பார்ட்டிங்க ரொம்பச் சிரிக்க வேணாம். கீஎரர் வர்றது நடு அடுக்கு இல்லேன்னாதான். கடைசிக் கீயில எழுத்துப்பிழை விட்டா அதுவும் கமுக்கமா புதுசு ஒண்ணைச் சேர்த்துக்கும். மாத்தறதுக்கு முன்னாடி 'இன்' போட்டு ஒரு வரி பார்க்க என்ன கை வலிக்குதுங்கறேன்?