மனமுஞ் சடமே

மேனாட்டுத் தத்துவங் கற்பிப்போர் 'மைண்ட்' என்பதை மனம் என்றே பெயர்த்துவிடுகின்றனர். இஃது எனக்கு உடன்பாடன்று.

தேக்காட்டு 1641 இல் வெளியிட்ட நூலிலே, சிந்திக்கும் பொருளையும் இடங்கொள்ளும் பொருளையும் வேறெனப் பிரித்தார். உருவிலாதது உடலை எங்ஙனம் அசைக்கும் என 1643 இல் பொகீமிய இளவரசி எலிசபெத்து அவருக்கு எழுதி வினவினார். (அப்பெருமாட்டிக்கு அப்போது இருபத்துநான்கே வயது!) வந்த விடை அவருக்கு அமையவில்லை.

சைவசித்தாந்தமோ கோட்டை வேறிடத்திற் கிழித்தது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியம், எனவே சடம். ஆன்மா அவற்றுள் ஒன்றன்று எனச் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் நிறுவும். அங்ஙனமாக, 'மனமுஞ் சடமும்' என்று கேட்கும் நம் மாணவன், சடத்துக்குஞ் சடத்துக்கும் உறவு யாதென மயங்கானோ? 'சித்துஞ் சடமும்' என்க.

எலிசபெத்தின் வினாவுக்கு நாமுந் தப்பினோமல்லேம். ஆன்மா கருவிகளோடு கூடுதற்கு அரசனையும் அமைச்சரையும் உவமை காட்டுகின்றோம், உவமை விடையாகுமா?